ஐஇஎல்டிஎஸ்: சராசரி மறைக்கும் அரைப்புள்ளி

வெளிநாட்டுக் கல்விக்கும் பணிக்கும் ஆங்கிலத் திறனைச் சான்றளிக்கும் தேர்வுகளுள், 1989 முதல் நடைமுறையில் உள்ள ஐஇஎல்டிஎஸ், கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு திறன்களையும் தனித்தனியே அளந்து, 0 முதல் 9 வரையிலான ‘பேண்ட்’ என்னும் தர அளவில், அரைப்புள்ளிப் படிகளாக மதிப்பெண் வழங்குகிறது. நான்கின் சராசரியே மொத்த பேண்ட் ஆகும். தேர்வு எழுதுவோரின் கண் பெரும்பாலும் இந்த மொத்தத்தின் மீதே இருக்கிறது. சறுக்கலும் அங்கேதான் நேர்கிறது.

கேட்டலில் 7.5, வாசித்தலிலும் பேசுதலிலும் தலா 7, எழுதுதலில் 6 பெற்ற ஒருவரின் சராசரி 6.875 ஆகும்; அது அருகிலுள்ள அரைப்புள்ளிக்கு மாற்றப்படும்போது மொத்தம் 7 என்றே சான்றிதழில் பதிவாகும். ஆயினும், பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய அந்நாட்டின் செவிலியர் மன்றம் எழுதுதலில் குறைந்தது 6.5 கோருவதால், அவர் அரைப்புள்ளியில் தகுதி இழக்கிறார். விண்ணப்பிக்கும் நிறுவனம் ஒவ்வொரு திறனுக்கும் வைத்துள்ள குறைந்தபட்ச அளவை முதலில் அறிந்துகொள்வது, பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே செய்யக்கூடிய செலவில்லாத ஆயத்தமாகும்.

எழுதுதல் பகுதியில் 60 நிமிடங்களுக்குள் குறைந்தது 150 சொற்களில் ஒன்றும் குறைந்தது 250 சொற்களில் ஒன்றுமாக இரண்டு விடைகள் எழுத வேண்டும். இரண்டாவதான கட்டுரைக்கு முதலாவதைப்போல் இருமடங்கு மதிப்பு உண்டு என்பதால், முதல் விடையான வரைபட விளக்கத்திலோ கடிதத்திலோ 20 நிமிடங்களுக்கு மேல் செலவிடுவது நட்டமே. கேள்விக்கு நேராக விடையளித்தல், கருத்துகளின் கோவை, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்கும் சம அளவில் மதிப்பிடப்படுகின்றன. எனவே, மனப்பாடம் செய்த கட்டுரையைச் சற்றே மாற்றி ஒப்புவிக்கும் பழக்கம், பள்ளித் தேர்வுகளில் எவ்வளவு கைகொடுத்திருந்தாலும், கேள்வியிலிருந்து விலகிய விடையாக இங்கே மதிப்பெண்ணைக் குறைக்கும்.

வாசித்தலில் பலரைத் தடுமாற வைப்பது, ஒரு கூற்று உண்மையா, பொய்யா, பத்தியில் அத்தகவலே இல்லையா என்று தீர்மானிக்கும் வினாவகை. ஓர் ஆலை மூடப்பட்டதாக மட்டும் பத்தி சொல்ல, நட்டத்தால் மூடப்பட்டதாகக் கூற்று சொன்னால், அது பொய்யன்று. தகவல் இல்லை என்பதே சரியான விடை. பொது அறிவைக் கொண்டு இடைவெளியை நிரப்புகிறவர், அவர் எவ்வளவு படித்தவராயினும், இவ்விடத்தில் தவறுவார்.

கேட்டலில் ஒலிப்பதிவு ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். உரையாடுபவர் செவ்வாய் என்று சொல்லிப் பிறகு வியாழன் என்று திருத்திக்கொள்ளும் இடங்கள் வேண்டுமென்றே வைக்கப்படுகின்றன. எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும்.

தேர்வாளரோடு நேரில் நடைபெறும் பேசுதல் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள் நீடிக்கிறது. தமிழ்ச் சாயல் கொண்ட உச்சரிப்பு குறையாகக் கருதப்படுவதில்லை; கேட்பவருக்குத் தெளிவாகப் புரிகிறதா என்பதே பார்க்கப்படுகிறது. அட்டையில் தரப்படும் தலைப்புக்கு ஒரு நிமிடம் ஆயத்தமாகி இரண்டு நிமிடங்கள் வரை தொடர்ந்து பேச வேண்டிய இரண்டாம் கட்டத்தில்தான் பலருக்கு நடுவழியில் பேச்சு நின்றுவிடுகிறது; கைபேசியில் பதிவு செய்து தாமே கேட்டுத் திருத்திக்கொள்ளும் பயிற்சி, வெளிநாட்டவரைப்போல் பேசிப் பழகுவதைக் காட்டிலும் இதற்கு அதிகம் உதவும்.