விழித்திரை பழுதுற்ற கண்ணும் லேசர் சிகிச்சையும்

மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில் கடுங்கிட்டப்பார்வையுள்ள ஒருவருக்கு, முன்னர் விழித்திரை கிழிந்து லேசரால் ஒட்டப்பட்டது எனக் கொள்வோம். மூக்குக்கண்ணாடியைக் களைய அவர் மீண்டும் லேசரை நாடலாமா?

இரண்டும் லேசரே, தொழில் வேறு. முன்னையது கிழிசலைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி, விழித்திரை உரியாமற் காப்பது. பின்னையது கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலத்தைச் செதுக்குவது. சென்னையிற் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் சகாக்களுடன் 1981இல் கண்ட எக்சைமர் லேசர் நுட்பமே இதற்கு அடிப்படை. அது அயலிலுள்ள திசுவைச் சுடாது செதுக்கும்.

ஆனால், கண்ணாடி அகன்றாலும் நீண்டுபோன கண் குறுகுவதில்லை. விழித்திரை இழுபட்டு மெலிந்தே இருக்கும். பலர் மறப்பது இதனைத்தான். மேலும், லாசிக் முறையில் படலத்தை மடலாகச் சீவுங்கால், கண்ணைப் பற்றும் உறிஞ்சுவளையம் உள்ளழுத்தத்தைச் சிறிதுநேரம் உயர்த்துகிறது. மடல் சீவாத பீ.ஆர்.கே. முறையில் அவ்வளையம் இல்லை. எம்முறையாயினும், மருந்திட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையை ஓரம்வரை சோதித்த நிபுணர் உறுதி கூறிய பின்னரே துணிதல் வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதியே பழுதுற்றிருப்பின், செதுக்குவதால் அப்பழுது நீங்காது.

பின்னாளிலும் கண்ணில் மின்னலோ, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகளோ, திரை விழுந்தாற்போன்ற நிழலோ தோன்றினால், கண்டிக்கோ கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கோ அன்றே புறப்படவேண்டும். பழைய சிகிச்சைச் சீட்டும் கண்ணாடி அளவும் உடனிருக்கட்டும். கண்ணாடி அணியாத ஒருவரைக் கிட்டப்பார்வையுடையவரென்று புதிய வைத்தியர் எங்ஙனம் அறிவார்?