குணமடைவதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

“டாக்டர், என் மகன் மறுபடியும் பள்ளிக்குப் போவானா?”

சைக்கோசிஸ் எனப்படும் உளப்பிறழ்வால் பாதிக்கப்பட்ட இளையரின் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. மருத்துவர்கள் இதற்கு உடனே பதில் சொல்வது எளிதன்று. ஒரே மாதிரியான அறிகுறிகளோடு வரும் இருவரில் ஒருவர் சில மாதங்களில் வகுப்புக்குத் திரும்பிவிடலாம். மற்றவருக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். யார் எவ்வளவு விரைவில் மீள்வார் என்பதைத் தொடக்கத்திலேயே கணிக்க ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர்.

உளப்பிறழ்வு என்பது என்ன?

நிஜம் எது, நிஜமல்லாதது எது என்று பிரித்தறியும் திறன் பாதிக்கப்படும் நிலையே உளப்பிறழ்வு. அருகில் யாரும் பேசாதபோதும் குரல்கள் கேட்கலாம். யாரோ தம்மைக் கண்காணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்பலாம். சிந்தனையும் பேச்சும் கோவையின்றிப் போகலாம்.

இது பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ முதன்முறை தலைகாட்டுகிறது. தேர்வு, தேசிய சேவை, முதல் வேலை என வாழ்க்கை உருப்பெறும் பருவம் அது. மருந்து, உளவியல் சிகிச்சை, குடும்பத்தின் ஆதரவு ஆகியவை சேர்ந்தால் பலர் நல்ல நிலைக்குத் திரும்புகின்றனர்.

கணினி கண்டறிந்த குறிப்புகள்

‘லான்செட் சைக்கியாட்ரி’ ஆய்விதழில் 2016ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐரோப்பிய மருத்துவ நிலையங்களில் முதன்முறை உளப்பிறழ்வுக்குச் சிகிச்சை பெற்ற 334 பேரின் விவரங்களை ஆய்வாளர்கள் கணினிக்குக் கொடுத்தனர். சிலருடைய விவரங்களைக் கொண்டு கணினியைப் பழக்கி, அது பார்த்திராத மற்றவர்களின் நிலையைக் கணிக்கச் செய்தனர். இதுவே ‘இயந்திரக் கற்றல்’ முறை.

சிகிச்சை தொடங்கி 4 வாரங்களிலும் 52 வாரங்களிலும் ஒருவர் அன்றாட வாழ்க்கையை எப்படிச் சமாளிப்பார் என்பதே கேள்வி. கணினியின் துல்லியம் ஏறக்குறைய 75 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தால் 50 விழுக்காடுதான் கிடைக்கும்.

கணினிக்கு மூளையின் படம் எதுவும் தரப்படவில்லை. வேலையில்லாமை, குறைந்த கல்வி, அன்றாட வேலைகளைச் செய்வதில் சிரமம், நிறைவேறாத சமூகத் தேவைகள் ஆகியவையே மீட்சி கடினமாக இருக்கலாம் என்பதற்கான முக்கிய அடையாளங்களாக வெளிப்பட்டன. இவற்றில் பலவற்றை மாற்ற முடியும். பள்ளிக்குத் திரும்பவும் வேலை தேடவும் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்பதை இத்தகைய கணிப்பு முன்கூட்டியே காட்டக்கூடும்.

ஒவ்வொரு வாரமும் முக்கியம்

அறிகுறிகள் தோன்றிய நாளுக்கும் முறையான சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் இன்னொரு முக்கிய அடையாளம். அது நீள நீள, மீட்சியும் கடினமாவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் தாமதம்தான் காரணமா? மெதுவாக வளரும் கடுமையான நோயை எவரும் எளிதில் கவனிப்பதில்லை. அதனால்தான் தாமதமும் கடினமான மீட்சியும் சேர்ந்தே வருகின்றனவோ? இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

நார்வேயின் ரோகலாண்ட் வட்டாரத்தில் 1997ல் தொடங்கிய முயற்சி இதற்கு விடை தேட உதவியது. நாளிதழ், வானொலி, பள்ளிகள் வழியாக மக்களுக்கு அறிகுறிகள் விளக்கப்பட்டன. எளிதில் அணுகக்கூடிய மருத்துவக் குழுவும் அமைக்கப்பட்டது. சிகிச்சைக்கு முந்தைய தாமதத்தின் இடைநிலை அளவு 26 வாரங்களிலிருந்து சுமார் 5 வாரங்களுக்குக் குறைந்தது. விழிப்புணர்வுப் பிரசாரம் நின்றதும் அது 15 வாரங்களுக்கு ஏறியது.

பத்தாண்டு கழித்து நோயாளிகள் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். ரோகலாண்டில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினர் முழுமையாக மீண்டிருந்தனர். அத்தகைய முயற்சி நடைபெறாத வட்டாரங்களில் அது 15 விழுக்காடுதான்.

சிங்கப்பூரில் மனநலக் கழகம், தொடக்கநிலை உளப்பிறழ்வுக்கான தனித் திட்டத்தை 2001ல் தொடங்கியது. பொதுமக்களுக்கு விளக்கமளிக்கும் பணிகளுக்குப் பிறகு, தாமதத்தின் இடைநிலை அளவு 12 மாதங்களிலிருந்து 4 மாதங்களுக்குக் குறைந்தது.

கணிப்பு தீர்ப்பாகிவிடக்கூடாது

துல்லியம் 75 விழுக்காடு என்றால் நால்வரில் ஒருவர் விஷயத்தில் கணிப்பு தவறுகிறது. “உனக்குக் குணமாகாது” என்று 17 வயது மாணவரிடம் சொல்லிவிட்டு, பின்னர் அது தவறென்று தெரியவந்தால் என்னாகும்? நம்பிக்கை இழந்து அவர் சிகிச்சையையே கைவிட்டிருக்கலாம். மேலும், ஐரோப்பியரின் தகவல்களில் பழகிய கணினி, ஆசிய இளையர்களுக்கும் அதே அளவு பொருந்துமா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். இத்தகைய கணிப்பு மருத்துவரின் முடிவுக்குத் துணையாக இருக்கலாம். அவருக்குப் பதிலாக முடிவெடுக்க முடியாது.

மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் நாம் குடை எடுத்துக்கொள்கிறோம். மீட்சி கடினமாக இருக்கலாம் என்று கணிப்பு சொன்னால் உதவியைக் கூட்ட வேண்டும்.

அந்த உதவி விரைவில் கிடைக்க மாணவர்களும் துணை நிற்கலாம். நண்பர் திடீரென ஒதுங்கிப்போனாலோ, யாரோ தம்மைப் பின்தொடர்வதாகச் சொன்னாலோ கேலி செய்யாதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள். பிறகு பள்ளி ஆலோசகரிடமோ நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அவசர உதவிக்கு மனநலக் கழகத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண்: 6389 2222.