புதுச்சேரியில் பழைய வீடா? இன்சூரன்ஸ் தொகையை இப்படி கணக்கு போடுங்க

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த பிரெஞ்சு காலத்து மேரி கட்டடமே இடிஞ்சு விழுந்தது. திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெரஸ் கூரையோட இருக்குற உங்க தாத்தா வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?

2021 ஏப்ரலில் இருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி இருக்கு. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாத்துக்கும் கவர் உண்டு. கட்டடத்துக்கான தொகை = கார்பெட் ஏரியா × கட்டுமானச் செலவு. மனை விலை இதுல சேராது.

சிக்கல் இங்கதான். சாதாரண கான்கிரீட் வீட்டு ரேட் போட்டா, உதாரணத்துக்கு 1,000 சதுர அடி × ₹2,000 = ₹20 லட்சம். ஆனா சுண்ணாம்புக் கலவை, தேக்கு உத்தரம், அந்த வேலை தெரிஞ்ச கொத்தனார்னு திரும்பக் கட்ட சதுர அடிக்கு ₹3,500 ஆச்சுன்னா ₹35 லட்சம். வீடு முழுசா போனா மீதி ₹15 லட்சம் உங்க கையில இருந்துதான்.

என்ன செய்யணும்?

1. பழைய கட்டட வேலை தெரிஞ்ச இன்ஜினியர்கிட்ட மதிப்பீடு எழுதி வாங்குங்க.
2. கட்டின வருஷம், கூரை வகையை ப்ரொபோசல் ஃபார்ம்ல மறைக்காம எழுதுங்க.
3. பத்திரம் அப்பா பேர்ல இருந்தா, பாலிசியும் அவர் பேர்லயே எடுங்க.
4. இப்பவே எல்லா அறையையும் ஃபோட்டோ எடுத்து வைங்க.

ஒண்ணு மறக்காதீங்க: பாலிசி திடீர்னு வர்ற சேதத்துக்குத்தான். வருஷக்கணக்கா ஒழுகுற கூரையை நாமதான் சரி பண்ணணும்.