மாடிப்படிக்கு அடியில் ஓர் இணையதளம்

"செருப்பை அங்கன விடாதீங்க தம்பி, வயரு கெடக்கு!"

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்னே விழுந்த குரல் இது. குனிந்து பார்த்தால், நீல வயர் ஒன்று கால்மிதிக்கு அடியில் புகுந்து, கோலப்பொடி டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றி, நடையோரமாக உள்ளே ஊர்ந்து போகிறது. அரையடி தள்ளிக் கால் வைத்திருந்தால் ஓர் இணையதளத்தையே மிதித்திருப்பேன். சின்ன வயதில் கோயில் கொடை நாடகத்தில் படுதாவுக்குப் பின்னால் நுழைந்து, கிரீடத்தைக் கழற்றாமலே ராஜா பீடி வலிப்பதைப் பார்த்தேன். அதே குறுகுறுப்பு இப்போதும்.

நான் இந்த இணையதளத்தின் பழைய வாசகன். வெள்ளைப் பின்னணி, நீல எழுத்து, படம் ஒன்றுகூடக் கிடையாது. சாமான் வாங்கி ஏமாந்த கதை, பில் தொலைந்த கதை, "நாளைக்கு வாரேன்" என்று சொன்ன சர்வீஸ் ஆள் பொங்கல் கழிந்தும் வராத கதை. ஒவ்வொன்றுக்கும் புகார் எண், தேதி, கடைசியில் 'நிலை' என்று ஒரு கட்டம். முடிந்தது, நிலுவை, கைவிட்டேன் என்று நிலைகள் மூன்றே மூன்று. இதுவரை 41 புகார்கள். கம்பெனிப் பெயர் எதிலும் இருக்காது. 'சிரித்த முகத்தார்', 'நாளை வருவார்' என்று தளமே சூட்டிய பட்டப்பெயர்கள்தான். படித்துப் படித்து, இதற்குப் பின்னால் ஒரு அலுவலகமும் நாலு பையன்களும் ஓர் ஏசியும் இருக்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன்.

இருப்பவர் சாரம் கட்டி, தோளில் துண்டு போட்ட ஒரே ஒருவர். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவுக்கே அண்ணாச்சி. எனக்கும் அண்ணாச்சிதான்.

"வாங்க, ஆபீஸைக் காட்டுதேன்."

ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில். நிமிர்ந்தால் தலை இடிக்கும். இடித்தது. "எல்லாருக்கும் ஒரு தடவ இடிக்கும்" என்றார், நுழைவுச் சீட்டு கிழிப்பவரைப் போல. மேசை என்று பார்த்தால் அது மதினியின் பழைய தையல் மெஷின். தலையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, பலகை ஒன்றைப் பரப்பிக் கம்ப்யூட்டரை ஏற்றியிருக்கிறார். கீழே மிதிபலகை அப்படியே இருக்கிறது. பக்கம் ஒழுங்காக வந்தால் கால் சும்மா இருக்கும். வராவிட்டால் மிதிக்க ஆரம்பித்துவிடுவார். கடகடவென்று சக்கரம் சுற்றும், ஒன்றும் தைக்காது. அடுப்படியில் மதினிக்கு அந்தச் சத்தம் போதும். "என்ன, ஓடலையா?" என்று அங்கிருந்தே கேட்பார்.

சுற்றிலும் குவியல். எந்த டிவிக்கு என்று யாருக்கும் தெரியாத நாலு ரிமோட். உயிர் போன மிக்ஸி மோட்டார் ஒன்று, காகிதம் பறக்காமலிருக்க. சர்வீஸ் ஆட்களின் விசிட்டிங் கார்டுகளை ஓட்டை போட்டுச் சணலில் கோத்து, மாலையாக ஆணியில் மாட்டியிருக்கிறார். "செத்த நம்பரெல்லாம் மாலைக்குப் போயிரும்" என்று விளக்கம்.

பிளக் பாயிண்ட் விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. அந்தப் பக்கத்துச் சுவரில் இருப்பது ஒரே ஒரு பிளக். கம்ப்யூட்டருக்கும் அதுதான், கிரைண்டருக்கும் அதுதான். அண்ணாச்சி பக்கத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மதினி மாவாட்ட வந்தால், இணையமா இட்லியா என்ற கேள்வி எழும். இட்லி தோற்றதாகச் சரித்திரம் இல்லை. அதனால் சுவிட்சுக்கு மேலே காலண்டர் அட்டையைக் கிழித்துச் சிவப்பு மையில் ஒட்டியிருக்கிறார்: 'ஏத்துறேன், அணைக்காதே.' எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ் லீ 1990இல் உலகின் முதல் வலைச் சேவையகத்தை ஓடவிட்ட நெக்ஸ்ட் கம்ப்யூட்டரிலும் இதே மாதிரி ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று, கையெழுத்தில், அதுவும் சிவப்பு மையில்! அண்ணாச்சியிடம் சொன்னேன். "அவருக்கும் வீட்ல கிரைண்டர் இருந்திருக்கும்" என்றார்.

அடுத்தது கஜானா. தீபாவளிக்கு வந்த பெரிய பிஸ்கட் டின். மூடியை நெம்பித் திறந்து ஒரு சீட்டை நீட்டினார். "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்." இரு பக்கமும் புரட்டினேன். வெறும் வெள்ளைக் காகிதம். "மிக்ஸி பில்லு!" என்று அவர் சொன்ன தோரணை, தொப்பியிலிருந்து முயலை எடுத்தவருடையது. இன்னொன்று எடுத்தார், அதுவும் வெள்ளை. அது பிரஷர் குக்கராம்.

இந்தச் சீட்டுகளில் மையே கிடையாது. காகிதத்தின் மேல் பூசிய பூச்சு சூடு பட்டால் கறுக்கும், அதுதான் எழுத்து. சூட்டில் பிறந்ததைச் சூடே அழித்தும்விடும். வெயில், எண்ணெய்க் கை, அடுப்பு மேடைக்கு மேலுள்ள அலமாரி, எது பட்டாலும் ஆறு மாதத்தில் மங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று சிலவகைப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். வாரண்டி இரண்டு வருஷம், பில்லின் ஆயுசு ஆறு மாசம்! யார் போட்ட கணக்கோ. இப்போது அண்ணாச்சி சாமான் வாங்கிய கையோடு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார், வீட்டுக்கு அப்புறம்தான். போன தடவை ஃபேனை ஜெராக்ஸ் கடையிலேயே வைத்துவிட்டு, ஜெராக்ஸை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார் என்பது மதினி தந்த உபரித் தகவல்.

டின்னின் அடியில் ஒரு பழுப்புக் கவர். ஒரே ஒரு தடவை மாவட்ட நுகர்வோர் ஆணையம்வரை போன கேஸ், புகார் எண் 23, தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின். வக்கீல் வைக்காமல் அவரே எழுதிய மனு. 2019ஆம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. குறை நேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். நோட்டீஸ் போன வாரத்திலேயே புது மிஷினோடு ஆள் வந்துவிட்டானாம். இதைச் சொல்லும்போது அண்ணாச்சி முகத்தில் பெருமை இல்லை, லேசான ஏமாற்றம். "வாதாடுறதுக்கு நாலு பக்கம் எழுதி வச்சிருந்தேன் தம்பி. எல்லாம் வேஸ்டு."

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி. சிலிண்டர்!

எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் எனக்கு. புகார் எண் 9, 14, 30 எல்லாமே சிலிண்டர் புகார்கள்தான். கதாநாயகனே மேடைக்குப் பின்னால் நடந்து வந்தது மாதிரி இருந்தது. கொண்டுவந்த தம்பி வியர்வையில் ஊறிப்போயிருந்தான். முந்திய வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மதினி கேட்காமலே மோர் கொண்டுவந்தார். அவன் குடித்து முடிக்கும்வரை அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. டம்ளர் கீழே வந்ததும், "தராசை எடு" என்றார்.

"நீங்க கேப்பீங்கன்னு தெரியும். அதான் வண்டியிலயே விடாம கொண்டாந்துட்டேன்" என்று அவன் தொங்கு தராசை மாட்டினான். சிலிண்டரின் கழுத்தில் காலி எடை பெயின்ட்டில் எழுதியிருக்கும். இதில் 15.8. அதோடு உள்ளே இருக்க வேண்டிய 14.2 கிலோவைக் கூட்டினால் 30. முள் ஆடி ஆடி நிற்கும் நேரத்தில் நான், மதினி, எதிர்வீட்டுப் பையன் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சரியாக 30. அடுத்து வளையத்துக்குக் கீழே பி-29. ஏ முதல் டி வரை வருஷத்தின் நாலு காலாண்டுகள். ஆக, 2029 ஜூன்வரை மறுசோதனைக்குப் போக வேண்டியதில்லை. ரப்பர் வாஷரும் சரி. எல்லாம் சரி.

அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு எழுத ஒண்ணும் இல்ல" என்றார். சிலிண்டர் தம்பி சிரித்த சிரிப்பில் மோர் புரையேறிவிட்டது.

எழுதுவதற்கு வேறு இருந்தது. புகார் எண் 41, ஃபிரிட்ஜ் கதவு ரப்பர். மூடினால் மூடாது, இரவெல்லாம் தண்ணீர் சொட்டும். ('அடுப்படிக் குழாயும்தான் சொட்டுது' என்று மதினி உள்ளிருந்து ஒரு வரி சேர்த்தார். அண்ணாச்சிக்குக் காது கேட்கவில்லை.) கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தமிழுக்கு ஒன்று, புகாருக்கு மூன்று, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், பிறகு அந்தப் புல்லாங்குழல். இந்த இசை ஓடும் நேரம்தான் அண்ணாச்சி பக்கம் எழுதும் நேரம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். சொந்த இணையதளத்தின் பாதியை அவர் காத்திருக்கும்போதே எழுதியிருக்கிறார். நோட்பேடில், ஒவ்வோர் எழுத்தும் கையால். மதினி அதே ராகத்தை முனகிக்கொண்டே கத்தரிக்காய் நறுக்கினார். சுருதி சுத்தம்.

பத்தொன்பதாவது நிமிஷம் ஒரு பெண் பேசினாள். நாளைக்கு ஆள் வருவாராம். அண்ணாச்சி 'நாளை' என்று தட்டச்சு செய்து, கோடு போட்டு, பக்கத்தை ஏற்றிவிட்டுத் திறந்தார்.

பக்கம் முழுக்கச் சிவப்பு! தலைப்பு, புகார், தேதி, எல்லாமே கொட்டை எழுத்தில் ரத்தக் களறியாக நிற்கின்றன. 'அவசரம்' என்ற ஒரு சொல்லை மட்டும் சிவப்பாக்கப் போனவர், அதை முடிக்கும் குறியைப் போட மறந்துவிட்டார். கீழே மிதிபலகை கடகடவென்று ஓட ஆரம்பித்தது. எங்கே விட்டோம் என்று தேடுகிறார், துண்டால் நெற்றியைத் துடைக்கிறார், கண்ணாடியைக் கழற்றி மாட்டுகிறார். "சவத்த, ஒரு கோடு. ஒத்தக் கோடு!"

முன்பு இதைவிடக் கஷ்டமாம். 2001இல் ஜியோசிட்டீஸில் இலவச இடம் பிடித்து ஆரம்பித்தபோது யூனிகோடு புழக்கத்துக்கு வரவில்லை. திஸ்கி எழுத்துருவில் எழுதி, படிக்க வருகிறவர்களையும் அதை இறக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். இறக்காதவர்களுக்கு இவர் புகார் எல்லாம் தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ரோமன் எழுத்துக் கூட்டமாகத் தெரியும். "நம்ம புகார் எனக்கே புரியாது" என்று சிரித்தார். ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது மூட்டை கட்டியவர்களில் இவரும் ஒருவர். அன்று நகலெடுத்த மூன்று சிடிகளில் ஒன்று இன்னும் பலகை மேல் இருக்கிறது. மற்ற இரண்டும் மொட்டை மாடியில் வத்தல் காயும் இடத்தில் தொங்கி, காக்கா விரட்டுகின்றன.

வருகையாளர் எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டேன். கூச்சத்தோடு, "பாதி நான்தான்" என்றார். மீதிப் பாதி புகார்களைத் தேடி வருவதில்லை, 17ஆம் பக்கத்துக்கு வருகிறது. மிக்ஸி திடீரென்று நின்றால் கடைக்குத் தூக்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கும், அழுத்துங்கள் என்று மூன்றே வரி. பளு கூடினால் மோட்டார் கருகாமலிருக்க அந்தப் பொத்தான் தானாக வெளியே வந்துவிடும், அவ்வளவுதான் சங்கதி. இது தெரியாமல் தானே ஒரு தடவை மெக்கானிக்குக்கு முந்நூறு ரூபாய் கொடுத்த வயிற்றெரிச்சலில் எழுதிய பக்கம். துபாயிலிருந்துகூட ஒருவர் நன்றி சொல்லியிருக்கிறாராம்.

கடைசியில் சென்னையிலிருக்கும் பேரனுக்குப் போன் போனது. "தாத்தா, விடுங்க, நான் இங்கேருந்தே சரிபண்ணி ஏத்திடுறேன்." போனை வைக்கப் போகும்போது மதினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "குடுங்க, அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசிக்கிடுதேன்" என்று வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ரெண்டு வார்த்தை கால் மணி நேரம் ஓடியது.

அதற்குப் பிறகும் அண்ணாச்சியின் திரையில் பக்கம் சிவப்பாகவே நின்றது. இது இந்தத் தொழிலின் நிரந்தரத் தலைவலி. பிரவுசர் பழைய பக்கத்தையே மடியில் கட்டிவைத்துக்கொண்டு, புதியதைக் காட்ட மறுக்கும். அவர் தட்டிக்கொண்டே இருந்தார், மிதிபலகையும் ஓடிக்கொண்டே இருந்தது. "உங்க போன்ல பாருங்க தம்பி, சரியாயிருக்கா?"

திறந்தேன். வெள்ளைப் பின்னணி, நீல எழுத்து, சிவப்பு போயே போய்விட்டது. கீழே தள்ளினேன். ஃபிரிட்ஜ் ரப்பருக்கு அடியில் புதிதாக ஒன்று இருந்தது.

புகார் எண் 42. பொருள்: அடுப்படிக் குழாய், வாஷர். புகார் தந்த நாள்: போன ஆவணி. எதிர்தரப்பினர்: வீட்டுக்காரர். சொன்ன பதில்: நாளைக்கு மாத்துதேன். நிலை: நிலுவை.

"என்ன தம்பி, வந்துட்டா?" என்றார் அண்ணாச்சி.

அடுப்படிக் கதவருகே நின்ற மதினி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லி எழுந்தேன். தலை இரண்டாம் தடவையும் இடித்தது.