பள்ளத்தில் இறங்கினால் ‘டொக் டொக்’ சத்தம்: ஷாக் அப்சார்பரா, லிங்க் ராடா?

ஆபீஸ் முடிந்து வீட்டுத் தெருவுக்குள் கார் திரும்புகிறது. பைப் போடத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கி ஏறும்போது, முன்பக்கத்தில் ‘டொக்... டொக்’ என்று ஒரு சத்தம். மெயின் ரோட்டில் வரும்போது அது கேட்கவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டால், “சஸ்பென்ஷன் வேலை இருக்கு சார், ஷாக் அப்சார்பர் மாத்தணும்” என்று பெரிய எஸ்டிமேட் வருகிறது.

சரி என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம். இந்தச் சத்தத்துக்கு அடிக்கடி காரணமாக இருப்பது, விரல் தடிமனில் இருக்கும் ஒரு சின்னக் கம்பி. பெயர் ஸ்டெபிலைசர் லிங்க். மெக்கானிக்குகள் மொழியில் ‘லிங்க் ராடு’.

அதற்கு என்ன வேலை?

வளைவில் திரும்பும்போது கார் வெளிப்பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வைக் குறைக்க, இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ‘ப’ வடிவில் வளைத்த ஒரு ஸ்டீல் பார் இருக்கிறது. ஒரு சக்கரம் மேலே போய், இன்னொன்று கீழே நின்றால் இந்த பார் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். பாரின் இரண்டு முனைகளையும் சக்கரத்துப் பக்கம், பெரும்பாலும் ஸ்ட்ரட்டோடு, இணைப்பதுதான் லிங்க். அதன் இரு முனைகளிலும் நம் தோள்மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் சுழலும் குண்டு. உள்ளே கிரீஸ், வெளியே ரப்பர் பூட். அவ்வளவுதான். மாருதி 800 ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதில் பாரின் முனை நேராக லோயர் ஆர்மில் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த அமைப்பில்தான் சத்தத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே போகும். பார் முறுக்காமல் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், லிங்க்குக்குப் பெரிதாக வேலையில்லை. அடி தட்டக் கூடாதே என்று காரைச் சாய்த்து ஏற்றுகிறோமே, அப்போதுதான் ஒரு பக்கம் ஏற, இன்னொரு பக்கம் இறங்க, லிங்க் முழுச் சுமையும் வாங்கும். எனவே, நேராக ஏறினால் அமைதி, சாய்த்து ஏறினாலோ ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலோ ‘டொக்’ என்றால், முதல் சந்தேகம் லிங்க் ராடு மீது. நேராக ஏறினாலும் அதே சத்தம் என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த ‘வேறு இடம்’தான் கவலைக்குரியது. லிங்க் ராடு முறிந்தால்கூட கார் வளைவில் கூடுதலாகச் சாயும், சத்தம் போடும். சக்கரம் அதன் இடத்தில்தான் இருக்கும். லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான் வரும். ஆனால் அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். அதனால் “லிங்க் ராடுதானே, அப்புறம் பாத்துக்கலாம்” என்று யூகத்தில் ஓட்டுவது ஆபத்து. லிஃப்டில் ஏற்றி இரண்டையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரு முன்சக்கரமும் சம உயரத்தில் இருக்கும்போது லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டினால், தேய்ந்த மூட்டு கடகடக்கும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால், முறுக்கிய பார் லிங்க்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லூஸ் இருந்தும் தெரியாது.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. பெரும்பாலான லிங்க்குகள் சீல் செய்யப்பட்டவை, கிரீஸ் அடிக்க வழி கிடையாது. சர்வீஸ் விடும்போதும், மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், சேறு உள்ளே போகும். அதற்குள் ஸ்பிரே அடித்தால் சில நாள் சத்தம் அடங்கலாம். தேய்ந்த குண்டு திரும்ப வளராது.

மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே நல்லது. இரண்டும் ஒரே ரோட்டில் ஒரே தூரம் ஓடியவை. பழகிய கைக்கு இது சின்ன வேலை. படுத்துவது துருப்பிடித்த நட்தான். நட்டைத் திருப்பினால் குண்டும் கூடவே சுற்றும். அதனால் முனையில் ஆலன் கீயோ, பின்னால் மெல்லிய ஸ்பேனரோ கொடுத்துப் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் கிரைண்டரில் அறுப்பார்கள். பக்கத்திலேயே பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் போவதால், அவற்றை மூடிவிட்டு அறுக்கச் சொல்வதில் தப்பில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள், முன்பக்கத்தை இருபுறமும் தூக்கி ஸ்டாண்டு மேல் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் புது லிங்க் ஓட்டையில் சேராமல் மல்லுக்கட்டும். பழைய நட்டைத் திரும்பப் போடாமல், புது நட்டை அந்தக் காரின் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும்.

பில்லில் ‘வீல் அலைன்மென்ட்’ சேர்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். லிங்க் ராடு சக்கரத்தின் கோணத்தைத் தீர்மானிப்பதில்லை. அதை மட்டும் மாற்றியதற்கு அலைன்மென்ட் தேவையில்லை. கழற்றிய பழைய லிங்க்கையும் கேட்டு வாங்கி, முனையை விரலால் அசைத்துப் பாருங்கள். புதிதில் அந்த மூட்டு இறுக்கமாக, மெதுவாகத்தான் நகரும். தேய்ந்தது தொளதொளவென்று ஆடும். பிறகு அதே தெரு, அதே பள்ளம். இன்னும் ‘டொக்’ கேட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியவை பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷும், ஸ்ட்ரட் மவுன்ட்டும்.