பாதரசம் ஊறிய மண்ணில் பூங்கா வைக்கலாமா?

ஈரப் பாறையில் படரும் பாசிக்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவந்து தருவதுதான் அதற்குச் சாப்பாடு. அதனால் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பாசியைச் சோதித்தே சொல்லிவிடலாம். கொடைக்கானலில் அப்படித்தான் செய்தார்கள். அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வகம், அங்கே எடுத்த பாசியிலும், அதைப்போல் வேரில்லாமல் படரும் லைக்கனிலும் பாதரசத்தைக் கண்டது. அது ஊரிலிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலை அது. 1980களில் மலையேறி வந்தது. முதலில் பாண்ட்ஸும் பிறகு இந்துஸ்தான் லீவரும் அதை நடத்தின. 2001இல் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் குவியலைச் சூழல் அமைப்பினர் அம்பலப்படுத்தினார்கள். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசம் கலந்த சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. ஆலை மனையின் மண் அங்கேயே தங்கிவிட்டது.

இப்படி ஒரு மனையைப் பூங்காவாக்கலாமா என்று பார்க்கக் கிளம்புபவர் முதலில் மண்வெட்டியை எடுப்பதில்லை. பழைய வரைபடத்தையும் பழைய தொழிலாளர்களையும் தேடுகிறார். கண்ணாடியை எங்கே உடைத்தார்கள், கழுவிய தண்ணீர் எந்த வாய்க்காலில் போனது, கழிவு மூட்டைகள் எந்தச் சுவரோரம் கிடந்தன? இது தெரிந்தால்தான் துளை போடும் இடம் தெரியும். பிறகு மனையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மேல்மண், அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று ஆழம் ஆழமாக மண் எடுத்துச் சோதிக்கிறார்கள். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம். சிந்திய துளி கீழே இறங்கும், மறுபுறம் வெறும் அறை வெப்பத்திலேயே ஆவியாகி மேலேயும் போகும். ஒரே கட்டத்தில் நாலடி தள்ளி எடுத்த இரண்டு பிடி மண் இரண்டு கதை சொல்வதும் உண்டு.

சோதித்தபின் சுத்தம் செய்ய வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் 1956 வரை ஓடிய எரிவாயு ஆலை 1975இல் பூங்காவானது. மண்ணில் கழிவுநீர்க் கசடையும் மரத்தூளையும் கலந்து, நுண்ணுயிர்களை விட்டு எண்ணெய்க் கழிவைத் தின்னவைத்தார் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக். அருமையான யோசனை, ஆனாலும் 1984இல் நச்சுச் சோதனைக்காகப் பூங்காவைச் சில காலம் மூடவேண்டி வந்தது. பாதரசத்திடம் அந்த வித்தையும் பலிக்காது. அது தனிமம். எந்தக் கிருமியாலும் அதைச் சிதைத்து ஒன்றுமில்லாமல் ஆக்க முடியாது. மண்ணைக் கழுவலாம், சூடேற்றி ஆவியாக்கிப் பிடிக்கலாம். ஆனால் கழுவ வேண்டுமானால் தோண்ட வேண்டும், தோண்டினால் மண்ணைப் பிடித்து நிற்கும் மரங்கள் போகும்.

அப்படியென்றால் எவ்வளவு மிச்சம் இருக்கலாம்? கொடைக்கானலுக்கு ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் என்று இலக்கு வைத்தார்கள். ஒரு மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று சூழல் ஆர்வலர்கள் வாதாடினார்கள். கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். கையிலும் வாயிலுமாக ஒரு குழந்தை நாளுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்கும் என்பது அமெரிக்க ஆபத்துக் கணக்குகளில் நெடுநாள் புழங்கிய அளவு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் உள்ள மண்ணென்றால், அதில் 4 மைக்ரோகிராம் பாதரசம். கனிமப் பாதரச உப்புக்கு அங்கே வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.3 மைக்ரோகிராம். 15 கிலோ குழந்தைக்கு 4.5. தப்பித்தது, நூலிழையில்.

இதில் ஆவியாகி மூக்கில் ஏறுவது சேரவில்லை. மீனும் சேரவில்லை. சேற்றடியில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அதற்கான வரம்பு மூன்றில் ஒரு பங்கு, 0.1தான். சிறிய மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போக அது பெருகும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் நோய் வெளிப்பட்டது, மெத்தில் பாதரசம் ஏறிய மீனைத் தின்றதால்தான். கொடைக்கானல் ஆலையின் சரிவுக்குக் கீழே பாம்பாறு சோலை இருக்கிறது. பாம்பாறு பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. மலை உச்சியில் சிந்தியது எங்கே போகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, 20 என்ற எண் சறுக்குமரத்தின் கீழே மண் அளையும் குழந்தைக்கு ஒருவேளை சரி. அந்தச் சோலைக்கும் ஓடைக்கும் அது சரியல்ல என்பதே என் முடிவு. சமவெளியில் உள்ள மனைக்கும் மலைச்சரிவில் உள்ள மனைக்கும் ஒரே அளவுகோல் எடுபடாது. உங்கள் ஊரில் மூடிய ஆலை மனையைப் பூங்காவாக்குகிறோம் என்று யாராவது வந்தால், செடி என்ன வைக்கப்போகிறீர்கள் என்று அப்புறம் கேளுங்கள். மண்ணை எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள், கீழே ஓடும் ஓடையின் சேற்றையும் மீனையும் சோதித்தீர்களா என்று முதலில் கேளுங்கள். அந்த எண்களைப் பூங்கா வாசலில் பலகையாக எழுதி வைக்கவும் சொல்லுங்கள்.