மஞ்சள் காலனி

சென்னையில் எங்காவது வாந்திபேதி பரவினால் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையின் பெயர் அடிபடும். மாநகராட்சி ஆஸ்பத்திரி. இங்கு வருபவருக்கு முதலில் உப்புநீரும் ட்ரிப்ஸும். அது காலராதானா என்று சொல்ல வேண்டியது லேப்.

அன்றைய லேபில் கிருமி வளர்க்கும் மீடியா தயாரிப்பதே பாதி நாள் வேலை. இறைச்சியை வேகவைத்து, சாறை வடிகட்டி, பெப்டோனும் உப்பும் கலந்து, காரம் பார்த்து, அகரைக் கரைத்து, சூடு ஆறுவதற்குள் பிளேட்டில் ஊற்ற வேண்டும். அகருக்கும் முன்பு, உறையவைக்க ஜெலட்டின்தான். 37 டிகிரியில் அது உருகிவிடும்; நம் ஊர் மே மாதத்தில் மேசை மேலேயே நிற்காது. 1880களின் தொடக்கத்தில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்துக்கு அகரை யோசனையாகச் சொன்னவர் ஃபானி ஹெஸ்ஸே. உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை இளகாத சரக்கு. நோன்பு மாதத்தில் மண்ணடி வீடுகளில் காய்ச்சும் அதே கடல்பாசிதான். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள்.

இன்று மீடியா டப்பாவில் பொடியாக வருகிறது. ஊற்றி உறைந்த பிளேட்டாகவும் கிடைக்கிறது. காலராவுக்கு டிசிபிஎஸ் அகர். இதை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, கொதிக்கவைத்தால் போதும். பச்சை நிற அகரில் மலத்தைத் தேய்த்து இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்தால், காலராக் கிருமி சர்க்கரையைப் புளிக்கவைத்து, தட்டையான மஞ்சள் காலனிகளாக எழும். அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் ரேபிட் ஸ்ட்ரிப் இருக்கிறது. கால் மணி நேரத்தில் கோடு தெரிந்துவிடும்.

அப்படியானால் பிளேட் எதற்கு? 1992 அக்டோபரில் சென்னை அதற்குப் பதில் சொன்னது. நோயாளிகளுக்கு அச்சு அசல் காலரா. பிளேட்டில் மஞ்சள் காலனி. ஆனால் கொள்ளைநோய்க் காலராவுக்கான ஓ1 சீரத்தில் கலந்தால் கிருமி திரளவில்லை. அதுவரை தெரிந்த 138 வகைகளில் எதனோடும் அது சேரவில்லை. புதிய வரவுக்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். சில மாதங்களில் அது கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் தொட்டது. முதலில் தலைகாட்டியது சென்னையில் என்றாலும், வங்கக் கடலோரத்தை வைத்து 'பெங்கால்' என்ற பெயரே நிலைத்தது.

தனக்குச் சொல்லிக் கொடுத்த கிருமியை மட்டுமே ஸ்ட்ரிப் கண்டுபிடிக்கும். பிளேட்டில் பெயர் தெரியாததும் வளரும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்ப்பதும் அந்தக் காலனியை எடுத்து வளர்த்துத்தான்.

இன்றைய சிக்கல் வேறு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வேளை விழுங்கிவிட்டு வருகிறார்கள். அப்புறம் எவ்வளவு நல்ல மீடியா போட்டாலும் கிருமி வளராமல் போகலாம். சாம்பிள் முதலில், மாத்திரை பிறகு: இந்த வரிசை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.